குடும்பப் படத்துக்கு எதை உடுத்துவது? பட்டு, கைத்தறி, ஒரே துணி செட், அன்றாட உடை: ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அல்லது பாட்டிக்கு எண்பது, அல்லது வெளிநாட்டிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கும் அந்த நாலு நாளில் நல்லதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். போட்டோகிராபர் கிடைத்துவிடுவார், நாளும் குறித்துவிடலாம். இழுபறி உடையில்தான். ஒருவர் எல்லாரும் பட்டு உடுத்தலாம் என்பார். இன்னொருவர் இணையத்தில் பார்த்த ஒரே துணி செட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். ஜீன்ஸ்தான் வசதி என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். படம் எடுக்கும் நாள் வந்தும் முடிவு வந்திருக்காது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மகள், மருமகன், இரண்டு பேரக்குழந்தைகள் என எட்டுப் பேர். பெரியவர்கள் இருவரும் நாற்காலியில், நால்வர் பின்னால் நின்றபடி, குழந்தைகள் முன்னால். தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் அதிகம் தொங்கும் அமைப்பு இதுதான்.

முடிவையும் முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கைத்தறிப் பருத்தியைத்தான் பரிந்துரைப்போம். பட்டே சரியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரே துணி செட்டை எட்டுப் பேருக்கு எடுப்பதைத் தவிருங்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

படத்தில் துணிக்கு எவ்வளவு இடம். 12×18 அங்குலப் பிரிண்டில் எட்டுப் பேர் தலை முதல் கால் வரை நின்றால், ஒரு முகத்துக்குக் கிடைக்கும் உயரம் கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அதன் கீழே துணி ஆறேழு அங்குலம். பார்க்கிறவர் கண்ணை அந்தத் துணி முகத்துக்கு அனுப்புகிறதா, தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இடுப்புவரை மட்டும் எடுக்கும் படமாக இருந்தால் இந்தக் கவலை பாதியாகக் குறையும். அதனால் முழு உருவமா, அரை உருவமா என்பதை உடை எடுக்கும் முன்பே போட்டோகிராபரிடம் கேட்டுவிடுங்கள்.

அடர்த்தியும் வெளிர்வும். எல்லாரும் நிறப் பொருத்தம் பார்க்கிறார்கள், அடர்த்தியைப் பார்ப்பதில்லை. அரக்கும் பாட்டில் பச்சையும் வேறு வேறு நிறங்கள். ஆனால் அடர்த்தி ஏறக்குறைய ஒன்று, பக்கத்தில் நின்றால் ஒத்துப்போகும். மாம்பழ மஞ்சளும் சந்தன நிறமும் அதே மாதிரி ஒரு ஜோடி. ஆறு பேர் அடர் நிறத்தில் இருக்க, ஒருவர் மட்டும் பளீர் வெள்ளைச் சட்டையில் நின்றால், படத்தைப் பார்க்கும் யாருடைய கண்ணும் அந்தச் சட்டையில்தான் போய் நிற்கும். சோதிப்பது எளிது. எல்லா உடைகளையும் ஜன்னலோரக் கட்டிலில், நிற்கப்போகிற வரிசைப்படி பரப்பி மொபைலில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதுதான் மாற்ற வேண்டிய உடை.

கேமராவுக்கு முன் துணி எப்படி நடந்துகொள்ளும். ஜரிகை ஒளியைத் திருப்பி அடிக்கும். சாட்டின் மினுங்கும். மிக மெல்லிய கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டைகள் கேமராவில் அலை அலையாக வண்ணப் பட்டைகளைக் காட்டும். சென்சாரின் புள்ளி வரிசையும் துணியின் கோட்டு வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது வரும் கோளாறு அது. எடிட்டிங்கில் முழுதாக எடுப்பது பெரும்பாடு. ஆபீஸ் சட்டைகளில் பாதி இந்த ரகம்தான்.

உட்காரவும் நிற்கவும் வியர்க்கவும் முடியுமா. படம் எடுப்பது பத்து நிமிட வேலை என்று நினைப்போம். உடுத்துவது, குழந்தையைச் சமாதானப்படுத்துவது, வரிசை மாற்றுவது எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று மணி நேரம் அதே உடையில் இருக்க வேண்டியிருக்கும்.

உண்மையான செலவு. பில்லில் வரும் விலையோடு தையல், ஃபால்ஸ், ஓரம் அடித்தல், இஸ்திரி, டிரைகிளீனிங், அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பும் அலைச்சல் எல்லாம் உண்டு. அந்த உடையைப் பிறகு எத்தனை முறை உடுத்துவார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

யாருடைய உடையை மாற்றவே முடியாது. எண்பது வயதுப் பாட்டி பழகிய சேலையைத்தான் கட்டுவார். ஒன்பது கஜம் கட்டுகிறவர் அதைத்தான் கட்டுவார். கணவரை இழந்தபின் வெளிர் நிறச் சேலைகளையே விரும்பிக் கட்டுகிறவரிடம் அன்றைக்கு மட்டும் மயில் நீலம் கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவர் நிறத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு மற்ற ஏழு பேரும் அதற்கேற்ப மாறுவதுதான் முறை. படமும் அப்படித்தான் நன்றாக வரும், ஏனென்றால் நடுநாயகமாக உட்காரப்போகிறவர் அவர்தான்.

## பட்டும் பட்டு வேட்டியும்

பட்டின் பலம் அதன் நிற ஆழம். காஞ்சிபுரம் பட்டில் உடலை ஒரு நிறத்திலும் கரையை இன்னொரு நிறத்திலும் தனித்தனி ஊடையில், அதாவது குறுக்கு இழையில், நெய்து கோர்க்கும் கோர்வை முறை இருக்கிறது. அதனால் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்ற எதிர்நிறம் கலங்காமல் பிரிந்து நிற்கும். படத்தில் இந்தக் கரைதான் ஆளுக்கு ஆள் எல்லை போடும். பின்வரிசையில் நெருக்கி நின்றாலும் ஒரு சேலை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். இருபது வருடம் கழித்துப் பார்த்தாலும் காலம் தவறிப்போன உடையாகத் தெரியாது.

சிக்கல்களும் அதே நெசவிலிருந்து வருகின்றன. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கு இழையான பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். நேரில் அதுதான் அழகு. கேமராவில் அதே சேலை மடிப்பில் பச்சை, முந்தானையில் நீலம், அடுத்த படத்தில் இரண்டும் கலந்து என்று மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பொருத்தமாக மற்றவர்களுக்கு நிறம் தேடினீர்களானால் அந்தப் பொருத்தம் படத்துக்குப் படம் கலையும். இரட்டை நிறப் பட்டு ஒருவருக்குப் போதும். மற்றவர்களுக்கு ஒரே நிற உடல் கொண்ட சேலைகள்.

ஜரிகைக்கு நேரடி ஃப்ளாஷ் ஆகாது. அகலக் கரை முழுதும் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும், உள்ளே இருக்கும் அன்னமும் யாளியும் காணாமல் போகும். ஒளியைப் பரப்பித் தரும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்தோ, சுவரிலோ கூரையிலோ ஃப்ளாஷைத் திருப்பியோ எடுக்கிறவரானால் இந்தக் கவலை இல்லை. "பட்டு உடுத்தப்போகிறோம், லைட் எப்படி வைப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் இது தெரிந்துவிடும். தங்க நிற ஜரிகையும் வெள்ளி நிற ஜரிகையும் ஒரே வரிசையில் கலந்தால் வெள்ளி ஜரிகைக்காரர் மட்டும் வேறு விசேஷத்துக்குக் கிளம்பியவர் போல் தனித்துத் தெரிவார்.

ஆண்கள் பக்கம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் தவறு ஒன்று உண்டு. பட்டு வேட்டி இயல்பில் பாலாடை நிறம். அதோடு கடையில் புதிதாக வாங்கிய பளீர் வெள்ளைச் சட்டையைப் போட்டால் வேட்டி அழுக்கேறியது போல் மஞ்சளாகத் தெரியும். புது வெள்ளைத் துணியிலும் பல சோப்புத் தூள்களிலும் வெண்மையைக் கூட்டிக்காட்டும் ரசாயனம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடுவது அதன் வேலை. வெளிச்சத்தில் அந்தக் கதிர் இருந்தால் சட்டை நீலம் பாய்ந்த வெள்ளையாக ஒளிரும். பட்டு வேட்டிக்குப் பட்டுச் சட்டை, அல்லது சந்தன நிறச் சட்டை, அல்லது கரை நிறத்துக்கு இணையான கலர் சட்டை. இந்த மூன்றில் ஒன்றுதான்.

மறைசெலவு முதலில் ஜாக்கெட்டில் வரும். அலமாரியில் சேலை இருக்கும், ஜாக்கெட் ஏறாது. உள்தையலில் விட்ட துணியைப் பிரித்துவிடலாம் என்று டெய்லர் சொல்வார். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளையும், வெளுக்காத அடர் நிறப் பட்டையும் தெரியும். கை மூடிய பக்கத்தில் என்றால் பரவாயில்லை. முன்பக்கத்தில் என்றால் புது ஜாக்கெட்தான். ஆரி எனும் கொக்கி ஊசி எம்பிராய்டரி வேலை வேண்டுமென்றால் கூலி சில நேரம் சேலையோடு போட்டி போடும். முகூர்த்த சீசனில் டெய்லரிடம் மூன்று வாரம் கேட்டால்தான் நிச்சயம்.

அடுத்தது பழைய பட்டு. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த சேலை மடிப்புக் கோட்டில் இற்றுக் கிழியும். வெள்ளி இழையுள்ள ஜரிகை கறுக்கும். ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள். செண்ட், டியோடரண்ட் எதுவானாலும் உடுத்துவதற்கு முன்பே அடித்து, காய்ந்தபின் சேலை கட்டுங்கள். நேராக ஜரிகையில் பட்டால் அந்த இடம் கறுக்கும். தண்ணீர்த் துளி பட்டாலே பட்டில் வளையமாகத் தடம் நிற்கும். கடற்கரைப் படத்துக்குப் பட்டு வேண்டாம் என்பது இதனால்தான்.

உடுத்தும் நேரம் ஒரு சேலைக்கு நிதானமாக அரை மணி. மூன்று பெண்கள், கட்டிவிடத் தெரிந்தவர் ஒருவர் என்றால் ஒன்றரை மணி நேரம். முதலில் கட்டியவர் அதற்குள் வியர்த்துவிடுவார். முன்கூட்டியே மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டுத் தரும் ப்ரீ ப்ளீட்டிங் சேவை இப்போது சிறு ஊர்களில்கூட இருக்கிறது. மூன்று சேலையையும் முந்தைய நாளே கொடுத்து வாங்கிவிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் முடியும்.

பட்டு எப்போது சிறந்தது: சடங்கு நாளிலேயே படம் எடுக்கும்போது, வீட்டுக்குள் அல்லது குளிரூட்டிய ஸ்டுடியோவில் எடுக்கும்போது, குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டியிருக்கும்போது, எல்லாருக்கும் பொருந்தும் ஜாக்கெட்டோடு பட்டு ஏற்கெனவே இருக்கும்போது. படத்துக்காக மட்டும் எட்டுப் பேருக்குப் புதுப்பட்டு எடுப்பதில் அர்த்தம் இல்லை.

## கைத்தறிப் பருத்தி

பருத்தி ஒளியை வாங்கிக்கொள்ளும், திருப்பி அடிக்காது. ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தாலும் நிறம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சாதாரண போட்டோகிராபரிடம்கூட ஏமாற்றாத துணி இது. தாத்தாவிலிருந்து மூன்று வயதுக் குழந்தைவரை எல்லாரும் மூச்சுவிட முடியும், அதனால் முகம் இறுகாது. இந்தத் துணியைப் பரிந்துரைக்க முதல் காரணம் அந்த முகம்தான்.

தமிழ்நாட்டிலேயே தேர்வுக்கு நிறைய இருக்கிறது. கோவை கோரா காட்டன், பருத்தியும் பட்டும் கலந்தது. லேசான பளபளப்பும் வேண்டும், பருத்தியின் வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு அது. மதுரைச் சுங்குடி புள்ளிகளால் ஆனது; அடர்நிறத்தில் வெண்புள்ளி சிதறியிருப்பதால் எட்டடி தள்ளிப் பார்த்தால் ஒரே நிறம் போல அமைதியாகத் தெரியும், கிட்டே போனால் வேலைப்பாடு தெரியும். படத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு எனப் பெரிய கட்டமும் அகலக் கரையுமாக வரும். எடுப்பான சேலை, எட்டுப் பேரில் ஒருவர் கட்டினால் படமே நிமிரும், மூன்று பேர் கட்டினால் கட்டங்கள் ஒன்றோடொன்று மோதும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடை உங்கள் ஊரில் இருந்தால் ஒரே கூரையின் கீழ் பல ஊர் நெசவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆன்லைனில் எட்டு நிறத்தைத் தேடி எட்டு பார்சல் பிரிப்பதைவிட இது மேல்.

ஆண்களுக்குப் பருத்தி வேட்டி, நிறச் சட்டை. மூன்று ஆண்களும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி என்று இருந்தால் படத்தில் மூன்று வெள்ளைத் தூண்கள் தெரியும். கூடவே ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் வரும். காட்சியில் வெள்ளை அதிகமானால் தானியங்கி முறையில் இருக்கும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முதலில் இருளடைவது முகங்கள். வேட்டி வெள்ளையாக இருக்கட்டும். சட்டை சந்தனம், ஆலிவ் பச்சை, மங்கிய செங்கல், கருநீலம் என்று மாறட்டும். உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் வேட்டி படத்தின் அடிப்பகுதியில் பெரிய வெள்ளைப் பரப்பாக நிற்கும். அதன் ஓரத்தை மறைத்தாற்போல் நடுத்தர அடர்த்தியில் உடுத்திய குழந்தையை நிறுத்தினால் அந்தப் பரப்பு உடைந்துவிடும்.

நிறம் எடுக்கும் வழி இது. பாட்டியின் சேலையை முதலில் வையுங்கள். அது அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். அரக்கை ஒருவருக்கும், மஞ்சளின் வெளிர்ந்த சாயலான சந்தனத்தை இருவருக்கும் கொடுங்கள். எதிர்நிறமாகப் பாட்டில் பச்சையோ கருநீலமோ இருவருக்கு. மீதிப் பேருக்கு இதே நிறங்களின் சாயல்கள். மொத்தம் நான்கு நிறத்துக்கு மேல் போக வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு ஒரே நிறம் வரக் கூடாது. நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் அரக்கு, கடுகு, மயில் நீலம், கத்திரிப்பூ, பாட்டில் பச்சை எல்லாம் உயிர் கொடுக்கும் நிறங்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து எல்லாரும் வெளிர் பழுப்பு உடுத்துவது நமக்கு ஒத்துவருவதில்லை. தோலும் துணியும் ஒன்றாகக் கலந்து படம் தூசி படிந்தது போல் ஆகிவிடும். எடிட்டிங்கில் முகத்தை வெளுக்க வைக்க வேண்டாம் என்றும் போட்டோகிராபரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முகத்தை வெளுக்கும்போது துணியின் நிறமும் சேர்ந்து மாறும். தாத்தாவின் முகம் தாத்தாவின் முகமாக இருப்பது அதைவிட முக்கியம்.

குறைகள்: பருத்தி கசங்கும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சேலை பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் மடியிலும் முழங்கால் பின்புறத்திலும் கோடு விழும். காரில் போவதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். படம் எடுக்கும் இடத்திலேயே உடுத்துவது முதல் தீர்வு. நின்ற படங்களை முதலில், உட்கார்ந்த படங்களைப் பிறகு எடுப்பது இரண்டாவது. லினன் சட்டை பருத்தியைவிடவும் கசங்கும். அதன் கசங்கலையே அழகு என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் மட்டும் எடுங்கள்.

புதுக் கைத்தறி சாயம் விடும். புது அரக்குச் சேலை கட்டியவர் மடியில் வெள்ளைக் கவுன் போட்ட குழந்தை அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்தால் கவுனில் இளஞ்சிவப்புத் தடம் ஏறும். தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசிக் காய வைத்த பிறகே உடுத்துங்கள். ஜாக்கெட் துணியையும் சட்டைத் துணியையும் நனைத்துக் காய வைத்த பிறகே தைக்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கும். வெளிர் நீலம், சாம்பல் நிறச் சட்டைகளில் வியர்வை வட்டம் அப்பட்டமாகத் தெரியும். ஆண்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம்.

செலவு நிதானம். ஒரு நடுத்தரக் காஞ்சிப் பட்டின் விலையில் நாலைந்து பேருக்குக் கைத்தறி எடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்த உடைகள் ஆபீசுக்கும் கோயிலுக்கும் மறுபடி மறுபடி போகும்.

## ஒரே துணி செட்

அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, மகளுக்குப் பாவாடை, மகனுக்குக் குர்தா, எல்லாம் ஒரே துணியில். இதன் கவர்ச்சி புரிகிறது: யோசிக்க வேண்டாம், ஒரே ஆர்டரில் முடிந்தது. தீபாவளிக்கு ஒரே தானில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டை தைத்த வழக்கத்தின் பாசமும் அதில் இருக்கிறது.

எட்டுப் பேருக்கு இது ஏன் ஒத்துவராது என்றால், படத்தில் ஆளுக்கு ஆள் எல்லை அழிந்துவிடும். அம்மா மடியில் அதே துணியில் உட்கார்ந்த குழந்தையைப் பாருங்கள். உடல் அம்மாவின் சேலைக்குள் கரைந்து, தலையும் கைகளும் மட்டும் தனியாக மிதக்கும். பின்வரிசை நால்வரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே திரைச்சீலையாகத் தெரிவார்கள். பெரிய பூ பிரிண்ட் என்றால் கண் முகத்துக்குப் போவதற்குள் எட்டு முறை பூவில் இடறும்.

செலவும் விலைப்பட்டியலில் தெரிவதைவிட அதிகம். ஒருவருக்கு அளவு தவறினால் செட்டே கெடும். திருப்பி அனுப்பினால் மாற்றுத்துணி வேறு சாயத் தொகுப்பிலிருந்து வந்து ஒரு சாயல் மாறியிருக்கும். அரை நிற வித்தியாசம் முழு நிற வித்தியாசத்தைவிடக் கண்ணை உறுத்தும். பாலியஸ்டர் கலந்த துணிகள் இந்த ரகத்தில் அதிகம். வியர்வையை வாங்காது, ஃப்ளாஷில் மினுங்கும். குழந்தை வளர்ந்த பிறகு பெரியவர்கள் அந்த உடையைத் தனியாக உடுத்தத் தயங்குவார்கள்.

இது அழகாக அமையும் இடங்கள் இரண்டு. முதலாவது, மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குடும்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள் அல்லது காதுகுத்து. அங்கேயும் துணியைப் பங்கு போடுங்கள்: அம்மாவின் ஜாக்கெட்டும் மகளின் பாவாடையும் ஒரே துணி, அப்பாவுக்கு அந்தக் கரையின் நிறத்தில் வெறும் சட்டை. இரண்டாவது, பெரிய குடும்பத்தில் பேரக்குழந்தைகளுக்கு மட்டும் ஒரே துணி. பெரியவர்கள் தனித்தனி நிறத்தில் இருக்க, முன்வரிசைக் குழந்தைகள் மட்டும் ஒன்றாகத் தெரிவது மிக அழகு. அண்ணன் பிள்ளை யார், தங்கை பிள்ளை யார் என்ற பிரிவே தெரியாது.

## அன்றாட உடை

சுடிதார், குர்தா, ஜீன்ஸ், டி-ஷர்ட். பூங்காவிலோ தோப்பிலோ ஓடியாடி எடுக்கும் படத்துக்கும், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுதான் சரி. தாத்தா பாட்டி நடுவில் இருக்கும் சம்பிரதாயப் படத்துக்குப் பொருந்தாது. அவர்கள் வேட்டி சேலையிலும் மற்றவர்கள் டி-ஷர்ட்டிலும் இருந்தால் இரண்டு வெவ்வேறு நாள் படங்களை ஒட்டிய மாதிரி இருக்கும். இடைவழியாக இளையவர்கள் பருத்திக் குர்தாவும் சுடிதாரும் போட்டால் இடைவெளி மூடும்.

கவனிக்க வேண்டியவை சில. எழுத்தும் சின்னமும் உள்ள டி-ஷர்ட் வேண்டாம். படத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் அதை வாசிப்பார்கள். ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் தாடைக்கு அடியில் தன் நிறத்தைப் பூசிவிடும். செலவே இல்லை என்று தோன்றும், ஆனால் ஜீன்ஸ் போட்டால் செருப்பு, ஷூ எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். அவை சுத்தமாகவும் ஒரு மாதிரியாகவும் இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பட்டு | கைத்தறி | ஒரே துணி செட் | அன்றாட உடை |
|---|---|---|---|---|
| தயாராகத் தொடங்க வேண்டியது | 4 வாரம் முன் | 3 வாரம் முன் | 4 வாரம் முன், அளவு மாற்ற நேரம் சேர்த்து | ஒரு வாரம் முன் |
| வெளிச்சம் | பரவிய ஒளி கட்டாயம் | எதுவும் சரி | துணியைப் பொறுத்தது, மினுங்கும் | எதுவும் சரி |
| வெயிலும் வியர்வையும் | சிரமம் | நன்று | பாலியஸ்டர் என்றால் மிகச் சிரமம் | நன்று |
| கசங்கல் | குறைவு | அதிகம் | குறைவு | குறைவு |
| மறைசெலவு | ஜாக்கெட், டிரைகிளீனிங் | கஞ்சி, இஸ்திரி | திருப்பி அனுப்புதல், மறுபடி உடுத்தாமை | காலணி |
| மறுபடி உடுத்துவது | விசேஷங்களில் | அடிக்கடி | அபூர்வம் | தினமும் |
| பொருந்தும் குடும்பம் | சடங்கு நாள், உள்ளரங்கம் | மூன்று தலைமுறை, எந்த இடமும் | 3-4 பேர், அல்லது பேரக்குழந்தைகள் மட்டும் | சிறு குழந்தைகள், வெளிப்புறம் |

## இடம் மாறினால் தேர்வும் மாறும்

தோட்டத்தில் பச்சைச் சேலை பின்னணியில் கரையும். இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளி வெள்ளை உடையிலும் முகத்திலும் பச்சை பூசும். அரக்கு, கடுகு, வாடாமல்லி எடுங்கள்.

செட்டிநாட்டு வீடு போன்ற முற்றமுள்ள இடத்தில் ஆத்தங்குடி டைல்ஸே நிறையப் பேசும். அங்கே வெறும் நிறங்கள்தான் எடுபடும்.

சென்னைக் கடற்கரையில் சூரியன் கடல் பக்கம் உதிக்கிறது. கடலைப் பின்னணியாக வைத்துக் காலையில் எடுத்தால் ஒளி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். மாலையில் முகத்தில் விழும். ஆனால் கோடை மதியத்துக்கு மேல் கடற்காற்று ஓங்கும், முந்தானை பறக்கும். மாலையில்தான் என்றால் பருத்தியைக் கட்டி, முந்தானையைத் தோளில் இரண்டு ஊக்கும் இடுப்பில் ஒன்றும் குத்துங்கள்.

வீட்டு ஹாலில் ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் ஒரே வேட்டி ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் பதிவாகும். பல்பை அணைத்துவிட்டு ஜன்னலை நம்புங்கள்.

## முடிவெடுத்த பிறகு

வெளியூரில் இருப்பவர்களிடம் "மெரூன்ல எடுத்துக்கோ" என்று சொன்னால் ஒருவர் அரக்கும், ஒருவர் காப்பிப்பொடியும், ஒருவர் வெங்காயத்தோல் நிறமும் கொண்டுவருவார்கள். உடையைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாள் எவ்வளவு மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிகிறது என்று பார்த்தால் துணியின் நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று புரியும். நல்ல நாளில் கறுப்பு கூடாது என்று பெரியவர்கள் நினைத்தால் அதையும் இப்போதே குரூப்பில் போட்டுவிடுங்கள். கருநீலம் அதே வேலையைச் செய்யும்.

ஒரு வாரம் முன்பு எல்லாரும் ஒரு முறை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வேட்டி எவ்வளவு ஏறுகிறது, சட்டைப் பொத்தான் இடுக்கில் பனியன் தெரிகிறதா, குழந்தையின் பட்டுப் பாவாடை தரையில் புரள்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சிறுவர்களுக்கு வெல்க்ரோ வைத்த ரெடிமேட் வேட்டியே போதும்.

அன்றைக்குக் கையில் வேண்டியவை: ஊக்கு 30, ஊசி நூல், சிறிய இஸ்திரிப் பெட்டி, முகம் ஒற்ற மென்துணி, குழந்தைக்கு மாற்றுடை ஒன்று. மாற்றுடையும் அதே நிறக் குடும்பத்தில் இருக்கட்டும். சட்டைப் பையிலிருந்து மொபைலையும் பேனாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கடைசியாக உடுத்த வேண்டியவர்கள் குழந்தைகள், முதலில் படம் எடுக்க வேண்டியவர்களும் அவர்களே. குழந்தைகள் இருக்கும் படங்கள் முடிந்ததும் அவர்களை விட்டுவிட்டு, தாத்தா பாட்டி இருவரை மட்டும் வைத்து நிதானமாக நாலு படம் எடுங்கள்.

பட்டு உடுத்தியிருந்தால் வீட்டுக்கு வந்தவுடன் மடித்து உள்ளே வைக்காமல் நிழலில் சில மணி நேரம் காற்றாட விட்டு, ஊக்குகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று பார்த்து, பழைய மடிப்புக் கோட்டிலிருந்து மாற்றி மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.